வயரிங்கில் கைகொடுத்த அண்ணாவுக்கு நன்றி

பந்தய டிராக்கில் ஓடிய பழைய பைக்கை வீட்டிலேயே சாலைக்கு ஏற்றபடி மாற்ற எனக்குப் போனில் வழிகாட்டிய அண்ணாவுக்காக இந்தப் பதிவு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எதுவும் இல்லாமல் வந்த வண்டி அது. வெட்டிய வயர்கள் டேப் சுற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (வயர் நடுவில் அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்து, வயரிங் படத்தோடு ஒப்பிட வைத்தார். சைடு ஸ்டாண்டையும், அது இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்சையும் முன்பு வைத்திருந்தவர்கள் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்திருந்தார்கள். "ஸ்டாண்டு போட்டால் சுவிட்சும் போட்டே ஆகணும் தம்பி, மடக்காமல் கிளம்பினால் இடது பக்கம் திரும்பும்போது தூக்கி அடிச்சிடும்" என்று கறாராகச் சொன்னார். அந்தக் கறார்தனத்துக்கே தனியாக ஒரு நன்றி.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். கிளைக்கால் என்ற வழுவழுப்பான ரசாயனம் கலந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சிந்தினால் டிராக் வழுக்கும் என்று பந்தயங்களில் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. சாலையில் ஓட்ட அந்தக் கூலன்ட் வேண்டும், உள்ளே துரு பிடிக்காமல் காக்கும். ரேஸ் பிரேக் பேடுகளையும் மாற்றச் சொன்னார். அவை நன்றாகச் சூடேறினால்தான் சரியாகப் பிடிக்கும். பட்டன் இல்லாத வழவழப்பான ஸ்லிக் பந்தய டயர்களுக்கும் விடை கொடுத்தாயிற்று.

இப்போது எல்லா விளக்கும் எரிகிறது. அண்ணா, நான் அனுப்பிய ஒவ்வொரு படத்தையும் சலிக்காமல் பெரிதாக்கிப் பார்த்துப் பதில் சொன்னீர்கள். ரொம்ப நன்றி.