சுபேதார் தாத்தாவைப் பார்க்கப் போகும்போது

அன்புள்ள கண்ணு,

டிசம்பரில் வரும்போது வியாசர்பாடி சுபேதார் தாத்தாவின் போர் நினைவுகளைப் பதிவு செய்யணும் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இது. காலை பத்து மணிக்குப் போ. டிபன், மாத்திரை முடிந்திருக்கும். பன்னிரண்டுக்கு மேல் களைத்துவிடுவார்.

அவருக்கு வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்கார். ஃபேனை நிறுத்து, பதிவில் பேச்சை விழுங்குவது அதுதான். துறைமுக லாரிகளின் ஹாரன் வேறு, தெரு ஜன்னலையும் சாத்திவிடு. போனை ஏரோபிளேன் மோடில் போடு. நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம், உனக்குத் தெரியவும் தெரியாது.

அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. 1971 பாகிஸ்தான் போரில், மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி எடுத்தவர். "சண்டை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "இருந்துச்சுபா" என்று முடித்துவிடுவார். கையில் என்ன வைத்திருந்தீங்க, புதைந்த கண்ணியைத் தேட மண்ணில் கம்பியை எப்படிக் குத்துவீங்க என்று கேள். நெட்டுக்குத்தாகக் குத்தினால் கண்ணியின் தலையில் அழுத்தம் விழுந்து வெடிக்கலாம். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டுப்படும். இதைச் சொல்லும்போது அவர் கை தானாகச் சாயும். வீடியோ வேண்டியது அந்த ஓர் இடத்துக்குத்தான்.

போவதற்கு முன் படித்துவிட்டுப் போ, ஆனால் படித்ததை அவரிடம் ஒப்பிக்காதே. கண்ணி எடுத்துப் பாதை முழுக்கச் சுத்தமாகும் முன்பே பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள் கடந்ததையும், டிசம்பர் 16ஆம் தேதி அந்தப் படையின் இளம் அதிகாரி அருண் கேதர்பால் இறந்ததையும் நீயே எடுத்துக்கொடுத்தால், மரியாதைக்கு "ஆமாம்மா" போடுவார். அப்புறம் எது அவர் கண்டது, எது நீ படித்தது என்று பிரிக்கவே முடியாது. தேதியிலும் அவசரப்பட்டுத் திருத்தாதே. டாக்காவில் பாகிஸ்தான் படை 16ஆம் தேதி சரணடைந்தாலும் மேற்கே சண்டை நின்றது 17 இரவு எட்டு மணிக்குத்தான். "சரண்டருக்கு அப்புறமும் ஷெல் விழுந்துச்சு" என்று அவர் சொன்னால் அது தப்பில்லை.

எத்தனை பேரைக் கொன்றீங்க என்று மட்டும் கேட்காதே. பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, பதிவு ஓடட்டும்.

வட்ட மெடல்களின் விளிம்பில் எண்ணும் பேரும் பொறித்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் படம் எடு. பாலிஷ் போடாதே, எழுத்து தேய்ந்துவிடும்.

அன்றிரவே பதிவைக் கேட்டு ஊர்ப் பெயர்களை எழுதி வை. அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் அவர் வாயில் தமிழாகிவிட்டன. மறுநாள் வரைபடத்தைக் காட்டிக் கேட்டால்தான் பிடிபடும். ஸ்வீட் வேண்டாம், சுகர். கொய்யா வாங்கிக்கொண்டு போ, அதிகம் பழுக்காததாகப் பார்த்து.

அப்பா
பெரம்பூர்