அமுக்கு, பிடி, விடு

கண்ணா,

போன வாரம் போன்ல நீ சொன்னதையே நினைச்சிட்டு இருக்கேன். "அந்த வண்டிய குடுத்துடும்மா, புதுசா ஒண்ணு நான் வாங்கித் தர்றேன்"னு சொன்ன, ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, வயசான ரெண்டு பேரும் அதுல போறத நினைச்சா எனக்கு இங்க தூக்கம் வரலன்னு சொன்ன. நான் பேச்ச மாத்திட்டேன். கோவமெல்லாம் இல்லடா. நீ சொன்னது அத்தனையும் நிஜம், அதனாலதான் உடனே பதில் வரல. உன்கிட்ட இத்தனை வருஷமா சொல்லாத ஒரு விஷயம் இருக்கு, அத போன்ல சொல்ல எனக்கு தைரியம் வராது, அதான் எழுதுறேன்.

முதல்ல வண்டி எப்படி இருக்குன்னு சொல்லிடறேன். நீ வந்திருந்தப்ப ஹெட்லைட் மங்கலா எரியுதுன்னு சொன்னல்ல, அத ஒரு மெக்கானிக் கிட்ட காட்டினேன், பார்த்த உடனே பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கற ஆல்டர்னேட்டர் போயிடுச்சு, மாத்தணும்னுட்டார். எனக்கு மனசு ஒப்பல. வீட்டுக்கு கொண்டு வந்து இன்ஜின ஓடவிட்டு பேட்டரில மல்டிமீட்டர் வச்சேன், 14.1 வோல்ட் காட்டுது. ஆல்டர்னேட்டர் போயிருந்தா இது எப்படி வரும்? அப்ப கரன்ட் வருது, வழியில எங்கயோ தொலையுது. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனைய பாடில பெயின்ட் சுரண்டின இடத்துலயும் வச்சுட்டு அப்பாவ லைட்ட போடச் சொன்னேன், 1.1 வோல்ட். அங்க கிட்டத்தட்ட ஒண்ணுமே காட்டக்கூடாது. பேட்டரி தட்டுக்கு கீழ அந்த எர்த் ஒயர் பாடியோட சேர்ற போல்ட்ட கழட்டினா, வளையம் முழுக்க பச்ச பூத்து கெடக்கு, அடியில தகடு துரு ஏறி செவந்து போயிருக்கு. உப்புத்தாள் போட்டு தேய்ச்சேன், வெள்ளையா தகடு தெரியற வரைக்கும், அப்புறம் இறுக்கிட்டு மேல கிரீஸ் தடவினேன். திரும்ப வச்சு பார்த்தா 0.05. ராத்திரி லைட்ட போட்டப்ப எதிர் சுவர் பளிச்சுன்னு வெள்ளையா தெரிஞ்சது, அப்பா அங்கயே கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு இருந்தார். ஒரு துண்டு உப்புத்தாள்தான்டா செலவு.

இப்ப நீ கேட்ட விஷயம். ஏர்பேக் இல்ல, அத நான் கொண்டு வந்து மாட்டவும் முடியாது. ஏபிஎஸ் இல்ல, ஈர ரோட்டுல அவசரத்துல மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும், வண்டி வழுக்கிட்டு போகும், ஸ்டியரிங் திருப்பினாலும் திரும்பாது. இதெல்லாம் தெரிஞ்சுதான் ஓட்டுறேன். சீட் பெல்ட் போடாம சாவி திருப்ப மாட்டேன், முன்னாடி போற வண்டிக்கும் எனக்கும் நடுவுல நல்ல இடம் விடுவேன், அந்த இடத்துல இன்னொருத்தர் வந்து நுழைஞ்சா திரும்ப பின்னாடி போவேன், ராத்திரியில மழையில எடுக்கவே மாட்டேன். டயர் பட்டன் தேயல, பார்க்க புதுசு மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா பக்கச் சுவர்ல அந்த நாலு இலக்க நம்பர பார்த்தேன், 2312ன்னு இருந்தது, அப்படின்னா 2012ல 23வது வாரம் செஞ்சது. ரப்பர் ஓடலன்னாலும் வயசாகும்டா, காஞ்சு வெடிச்சு தரையில பிடிப்பே இருக்காது. நாலையும் ஒரே நாள்ல மாத்திட்டேன். கொஞ்சமா ஓடுற வண்டிங்கள்ல பட்டன பார்த்து ஏமாறக்கூடாது, நம்பரத்தான் பார்க்கணும்.

சரி, சொல்ல வந்தத சொல்றேன்.

உனக்கு அப்ப ஆறு வயசு. நாம ரெண்டு பேர் மட்டும் மலையில இருந்து இறங்கிட்டு இருந்தோம், அப்பா வேலைன்னு வரல. நீ பின் சீட்ல படுத்து தூங்கிட்ட. நான் அன்னிக்கு கியர்ல இறக்காம பிரேக்க மிதிச்சு மிதிச்சே இறக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான் எனக்கு தெரியும் அப்ப. ஒரு வளைவுக்கு முன்னாடி மிதிச்சா பெடல் மெத்துன்னு உள்ள போகுது, தரை வரைக்கும் போயிடுச்சு. வண்டி நிக்கல. இன்னொரு தடவ மிதிச்சேன், லேசா பிடிச்சுது, விட்டுடுச்சு. கை கால் எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு, ஆனா எப்படியோ நாலாவதுல இருந்து மூணாவது, மூணாவதுல இருந்து ரெண்டாவதுன்னு கியர இறக்கினேன், இன்ஜின் கத்துச்சு, ஹேண்ட்பிரேக் பட்டன அமுக்கிப் பிடிச்சுட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுத்தேன், பெடல பம்ப் பண்ணிட்டே இருந்தேன், ரோட்டு ஓரத்துல மண் மேடு மாதிரி ஏறுற இடம் ஒண்ணு வந்துச்சு, அதுல ஏத்தி நிறுத்திட்டேன். நீ எந்திரிச்சு "வந்துட்டமாம்மா?"ன்னு கேட்ட. வண்டிக்கு கொஞ்சம் ரெஸ்ட்னு சொன்னேன். ஒரு மணி நேரம் நீ கல்லு பொறுக்கி வெளையாடின, நான் ரோட்ட பார்த்துட்டு உக்காந்திருந்தேன். ஆறினதுக்கு அப்புறம் மிதிச்சு பார்த்தா பெடல் பழையபடி கெட்டியா நிக்குது, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

அதுதான் என்னை ரொம்ப படுத்துச்சு. ஏன் போச்சு, ஏன் திரும்ப வந்துச்சு? அப்பத்தான் படிக்க ஆரம்பிச்சேன், தெரிஞ்சவங்க கிட்டல்லாம் போய் கேட்டேன். பிரேக் ஆயில்னு சொல்றோமே, பேருக்குத்தான் அது ஆயில், அது தண்ணிய இழுக்கிற சாமான். காத்துல இருக்கிற ஈரத்த ரப்பர் ஹோஸ் வழியா, டப்பா மூடி வழியா இழுத்துக்கிட்டே இருக்கும். நம்ம வண்டியில ஊத்தறது டாட் 3ங்கற ரகம், புதுசா இருக்கறப்ப அது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது, அதுல 4 சதவீதம்கூட வேண்டாம், அதுக்கும் கொஞ்சம் குறைவா தண்ணி சேர்ந்தாலே 140க்கு எறங்கிடலாம். மலை இறக்கத்துல பிரேக் சூடு ஏறி அந்த தண்ணி கொதிச்சு ஆவியாயிடும், ஆயில அமுக்க முடியாது, ஆவிய அமுக்கலாம், நீ மிதிக்கிற மிதி மொத்தமும் அந்த ஆவிய நசுக்கறதுல போயிடும், சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது. ஆறினா ஆவி திரும்ப தண்ணியாயிடும், பெடலும் வந்துடும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து டப்பாவ திறந்து பார்த்தேன், உள்ள கருப்பா இருந்துச்சு. அந்த ஆயில ஒரு நாளும் மாத்தினதே இல்ல, குறைஞ்சா மேல ஊத்தறதோட சரி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, வண்டி என்னுது, பார்த்துக்க வேண்டியது நான். அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல.

அதுக்கப்புறம்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஆயில முழுசா எடுத்துட்டு புதுசு ஊத்த ஆரம்பிச்சேன். அது ஒரு ஆள் வேலை இல்லடா, உனக்கே தெரியும். ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல மிதிக்கணும், ஒருத்தர் சக்கரத்துகிட்ட படுத்து, ஆயில வெளிய விடற சின்ன மூக்கு, அந்த நிப்பிள திறந்து மூடணும். உனக்கு எட்டு வயசுல முதல் தடவ உக்கார வச்சேன், கால் சரியா எட்டல, சீட் நுனிக்கு வந்து ஸ்டியரிங்க கீழ பிடிச்சுக்கிட்டு பல்ல கடிச்சுட்டு அமுக்குவ. நான் கீழ இருந்து "அமுக்கு"ன்னு கத்துவேன், நீ "அமுக்கிட்டேன்"ன்னு கத்துவ, "பிடி"ன்னு சொல்லிட்டு நிப்பிள கால் திருப்பு திருப்புவேன், டியூப்ல குமிழ் குமிழா ஆயில் வரும், பெடல் கீழ போகும், நான் மூடினதுக்கு அப்புறம்தான் "விடு". ஒரு தடவ நான் மூடறதுக்குள்ள நீ காலை எடுத்துட்ட, காத்து உள்ள போயிடுச்சு, திரும்ப மொதல்ல இருந்து, தூரமா இருக்கிற பின் சக்கரத்துல இருந்து ஆரம்பிச்சோம். நீ அழுதுட்ட. ஒரு வார்த்தை திட்டல நான், ஞாபகம் இருக்கா? "எதுக்கும்மா ஒவ்வொரு தடவையும் இத்தன தடவ பண்ற, குமிழ்தான் நின்னுடுச்சே"ன்னு கேப்ப. அதுக்கு பதில்தான் இந்த லெட்டர்.

பெர்த்தா பென்ஸ்னு ஒரு அம்மாவ பத்தி உனக்கு சின்ன வயசுல சொல்லிருக்கேன். 1888ல அவங்க வீட்டுக்காரர் செஞ்ச மோட்டார் வண்டிய எடுத்துக்கிட்டு, அவர்கிட்ட சொல்லாமலே, ரெண்டு பையன்களையும் ஏத்திக்கிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸைம் வரைக்கும் ஓட்டிட்டு போனாங்க, 100 கிலோமீட்டருக்கு மேல. எரிபொருள் குழாய் அடைச்சப்ப தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. மேட்டுல பசங்க தள்ளினாங்க. பிரேக் கட்டை தேய்ஞ்சப்ப ஒரு செருப்பு தைக்கிறவர்கிட்ட கொடுத்து அதுமேல தோல் அடிக்கச் சொன்னாங்க. எல்லாரும் அந்த ஊசிய பத்திதான் பேசுவாங்க. எனக்கு அந்த தோல்தான் பெருசு. கூட பசங்க இருக்கப்ப ஒரு அம்மா பிரேக்க பத்தித்தான் யோசிச்சிருப்பா.

ஆனா பயத்துக்காக மட்டும் இத வச்சிருக்கேன்னு நினைச்சுடாத. விடியறதுக்கு முன்னாடி சோக்க இழுத்துட்டு சாவி திருப்பறப்ப முதல்ல ஒரு தயக்கம், அப்புறம் இருமி பிடிச்சுக்கும், ரெண்டு நிமிஷத்துல சத்தம் சீராகும், சோக்க உள்ள தள்ளுவேன், அந்த ரெண்டு நிமிஷத்துக்காகவே சீக்கிரம் எந்திரிப்பேன். டேப்பெட் வைக்கறது, அதான் வால்வு இடுக்க சரி பண்றது, எனக்கு அத விட இஷ்டம். இன்ஜின் நல்லா ஆறினப்புறம் மூடிய கழட்டி, ஃபீலர் கேஜ் தகட்ட இடுக்குல விட்டு இழுக்கணும், நம்ம வண்டிக்கு 0.15 மில்லிமீட்டர். லூசா வந்தா சத்தம் போடும், இறுக்கமா இருந்தா வால்வு முழுசா மூடாம எரிஞ்சு போகும். சரியா வச்சா தகடு போகும் வரும், ஆனா எண்ணெய் தடவின ரெண்டு விரலுக்கு நடுவுல பேப்பர் இழுக்கற மாதிரி ஒரு பிடி இருக்கும். அந்தப் பிடிய எந்த புத்தகமும் சொல்லித் தராது, கைக்குத்தான் தெரியும். லாக் நட்ட இறுக்கறப்ப திரும்ப மாறிடும், அதனால இறுக்கிட்டு மறுபடி பார்க்கணும். எட்டு வால்வுக்கும் ஒரு காலை முழுக்க போயிடும், எனக்கு அந்த நேரம் போனதே தெரியாது. கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை, அந்த ஜெட் அடைச்சா மட்டும் கம்பி விட்டு குத்தாத, ஓட்டை பெருசாயிடும், காத்தடிச்சுதான் எடுக்கணும், இத எங்கயாவது எழுதி வச்சுக்கோ.

இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது, பழைய ரப்பர் அத தாங்காது. பானட்ட திறந்தப்ப வாசனை தூக்கலா இருந்துச்சு, ஹோஸ வளைச்சு பார்த்தா மேல நல்லா இருக்கு, வளையற இடத்துல பொடிப்பொடியா வெடிப்பு. எத்தனாலுக்கு ஆகுற ரகமா பார்த்து மொத்த ஹோஸையும் மாத்திட்டேன். எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், தேதி, கிலோமீட்டர், என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன். அது மூணாவது நோட்டு.

எப்ப விடுவேன்னு கேட்டா அதுக்கும் என்கிட்ட பதில் இருக்கு. கதவு ஓரத்துல, மட்கார்டுல துரு வந்தா எனக்கு கவலை இல்ல, சுரண்டி பட்டி வச்சு அடிச்சுக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவ வண்டிய தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்திட்டு (ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போக மாட்டேன், பயப்படாத) சஸ்பென்ஷன் பாடில மாட்டுற இடங்கள ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பார்ப்பேன், சீட் பெல்ட் போல்ட் சுத்தி கார்ப்பெட்ட தூக்கி பார்ப்பேன். அங்க ஸ்க்ரூடிரைவர் உள்ள போற அளவுக்கு தகடு அரிச்சு, வெட்டி ஒட்டினாலும் நிக்காதுங்கற நிலைமை வந்தா நானே நிறுத்திடுவேன், நீ சொல்ல வேண்டியதில்ல. இப்பவரைக்கும் டங்கு டங்குன்னுதான் கேக்குது.

புது வண்டி வாங்கித் தர்றேன்னு சொன்னியே, வாங்கிக் குடு. நிஜமாத்தான் சொல்றேன், அப்பாவுக்காக. தூரப் பயணம், ராத்திரி, மழை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அதுல போறோம், நீ நிம்மதியா தூங்கு. இத மட்டும் விக்கச் சொல்லாத. அன்னிக்கு அந்த மேட்டுல உக்காந்திருந்தப்ப இத இனி தொடவே கூடாதுன்னுதான் நினைச்சேன், அப்புறம் எது பயமுறுத்துச்சோ அத கழட்டி கையில எடுத்து பார்த்தேன், அதுக்கு காரணம் இருந்துச்சு, அத சரி பண்ண முடிஞ்சுது. எனக்கு வேற எந்த விஷயத்துலயும் அவ்வளவு தெளிவா பதில் கிடைச்சதில்ல கண்ணா.

போன தடவ ஆயில் மாத்தினப்ப நீ இல்ல. அப்பாவுக்கு முட்டி வலி, அத்தன தடவ அமுக்க முடியாது. நிப்பிள்ல டியூப மாட்டி, மறுமுனைய ஆயில் இருக்கிற பாட்டில்ல முக்கி வச்சுட்டு, நானே உள்ள போய் மிதிப்பேன், வெளிய வந்து பார்ப்பேன், திரும்ப உள்ள போவேன். வேலை முடிஞ்சுது, பெடலும் நல்லாத்தான் நின்னுச்சு, ஆனா யாரும் "அமுக்கிட்டேன்"ன்னு சொல்லல.

அதுக்கு ரெண்டு வருஷம் அடுத்த மாசத்தோட முடியுது. புது டப்பா வாங்கி வச்சாச்சு, சீல் உடைக்கல, திறந்து வச்சா அதுவும் ஈரத்த இழுத்துடும். நீ வர்ற தேதிய சொல்லு, அன்னிக்கு காலைலதான் திறப்பேன். பெயின்ட்ல பட்டா உரிஞ்சுடும், சட்டையும் வீணாகும், பழைய சட்டை ஒண்ணு எடுத்துட்டு வா.

அம்மா