எங்கள் ஃபுட்பால் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சுருக்கமாக எழுதச் சொன்னார் தலைவர். கணக்கை மட்டும் எழுதினால் போதும் என்றார் பொருளாளர் அக்கா. இரண்டு பேர் பேச்சையும் பாதிப் பாதிதான் கேட்டிருக்கிறேன்.

சியாட்டிலுக்குக் கிழக்கே, ஏரிக்கு இந்தக் கரையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பதற்காகத் தொடங்கியது நம் வட்டம். இந்த ஆண்டு 34 குடும்பங்கள் சந்தா கட்டின. போன ஆண்டைவிட 5 அதிகம். செயற்குழு 4 முறை கூடியது, ஆட்டம் பார்க்க 13 ஞாயிறு கூடினோம். இவற்றில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் மூன்று அலசல் கூட்டங்களைப் பற்றித்தான்.

"யாராலும் அசைக்க முடியாத டிஃபென்ஸ் என்கிறீர்களே, அதை அசைத்தவர்களே இல்லையா?" என்று புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டதில் தொடங்கியது. சீசன் இல்லாத மாதங்களில் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தே பதில் தேடலாம் என்று முடிவானது. ஹாலில் வெள்ளைப் பலகை இல்லை. அதனால் சாப்பாட்டு மேசையில் 11 டம்ளர் டிஃபென்ஸ் (தடுப்பவர்கள்), 11 டபரா ஆஃபென்ஸ் (பந்தோடு முன்னேறுபவர்கள்). டம்ளர்களில் நம் சியாட்டில் சீஹாக்ஸ் தடுப்பாளர்களின் ஜெர்சி எண்ணை எழுதி ஒட்டினோம்: 25 ஷெர்மன், 29 எர்ல் தாமஸ், 31 சான்சலர்.

முதல் கூட்டத்துக்கு எந்த ஆட்டம் என்று யாரும் கேட்கவே இல்லை. 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல், 49ஆவது சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்), நியூ இங்கிலாந்து 28, நம் சீஹாக்ஸ் 24. இந்த ஊரில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே கதைதான். கடைசியில் கோட்டைத் தாண்ட 1 யார்டுதான் பாக்கி, பந்தோடு ஓடும் லிஞ்சிடம் கொடுத்து ஓடவிடாமல் ஏன் எறிந்தார்கள், நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் எப்படிப் பறித்தார். பத்து வருஷம் தாண்டியும் நம் ஆட்கள் அந்த ஒரு பந்திலேயே நிற்கிறார்கள். அன்றைய கூட்டத்தில் அந்தப் பந்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். தீர்மானம் 40 நிமிஷம் தாங்கியது.

என் கட்சி இது: அந்த ஆட்டம் கடைசிப் பந்தில் போகவில்லை, அதற்கு முந்தைய கால் மணி நேர ஆட்டத்தில் போனது. நாலாவது குவார்ட்டர் (நம்மூர் அர்த்தத்தில் அல்ல) தொடங்கும்போது சியாட்டில் 24-14 என்று முன்னணியில் இருந்தது. அதுவரை எந்த சூப்பர் பவுலிலும் கடைசிக் குவார்ட்டரில் 10 புள்ளி பின்தங்கியிருந்த அணி ஜெயித்ததில்லை. எதிரில் இருந்ததோ 2012 முதல் 2015 வரை நான்கு சீசன் தொடர்ந்து லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த டிஃபென்ஸ். அதன் மேல் நியூ இங்கிலாந்தின் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) டாம் பிரேடி அந்த ஒரு குவார்ட்டரில் 15 முறை எறிந்தார். 13 கைக்குப் போய்ச் சேர்ந்தது, 124 யார்டு, 2 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது).

எப்படி என்பதை டம்ளரை நகர்த்தித்தான் புரிந்துகொண்டோம். சியாட்டிலின் வழக்கம், பின்வெளியை மூன்று பாகமாக்கி இரண்டு கார்னர்களும் (ஓரக் காவலர்கள்) நடுவில் தாமஸும் காவல் நிற்பது. சான்சலர் முன்னால் இறங்கி ஓட்டத்தை நெரிப்பார். நீளமாக எறிந்தால் தாமஸ் வந்துவிடுவார், ஓடினால் சான்சலர் இடிப்பார். நியூ இங்கிலாந்து இந்த இரண்டையுமே பெரிதாக முயலவில்லை. ஆட்டம் முழுக்க ஓட்டம் 21 முறைதான், 57 யார்டு. எறிந்ததோ 50 முறை. பின்னால் நிற்க வேண்டிய ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஷேன் வெரீனைப் பக்கவாட்டில் நிறுத்தியே 11 பந்து பிடிக்க வைத்தார்கள். மொத்தம் 64 யார்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் அடுத்த டவுனை (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்றை) சுலபமாக்கியது.

அவர்கள் தேடியது அணியின் பலவீனத்தை அல்ல என்று நினைக்கிறேன். அந்த அணியில் அப்படி ஒன்று இல்லை. 11 பேரில் பழகாத வேலையில் நிற்பவர் யார் என்று தேடினார்கள். முதல் குவார்ட்டரிலேயே சியாட்டிலின் ஜெரமி லேன் ஒரு பந்தைப் பறித்து ஓடியபோது கை உடைந்து வெளியேறினார். அவருக்குப் பதில் வந்தவர் தாரல்ட் சைமன். நியூ இங்கிலாந்தின் லஃபெல் அடித்த டச்டவுன் அவர் காவலில்தான். இடைவேளைக்குச் சற்று முன் தங்கள் ஆள் கிராங்கௌஸ்கியை ஓரமாகத் தனியே நிறுத்தினார்கள். கூடவே போய் நின்றவர் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) கே.ஜே. ரைட். கார்னர் வேலையை லைன்பேக்கர் பார்க்க வேண்டிய கட்டாயம், 22 யார்டு டச்டவுன். கடைசியில் 2 நிமிஷம் 2 வினாடி இருக்கும்போது அவர்களுடைய எடல்மன் உள்ளே வெட்டுவதுபோல் போய்ச் சட்டென்று வெளியே திரும்பினார், எதிரில் மறுபடியும் சைமன். அதே ஓட்டத்தைச் சற்று முன்பும் முயன்றிருந்தார்கள். அப்போதும் எடல்மன் தனியாகத்தான் நின்றார், பிரேடியின் எறிதான் தவறியது. கிடைக்காமல் போனதை ஞாபகம் வைத்திருந்து திரும்பக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ஷெர்மன், தாமஸ், சான்சலர் மூவருமே காயத்தோடு ஆடினார்கள். மூன்றாவது குவார்ட்டரில் குவாட்டர்பேக்கை விரட்டும் கிளிஃப் ஆவ்ரில் தலையில் அடிபட்டு வெளியேறிய பிறகு பிரேடிக்கு நிதானமாக எறிய நேரம் கிடைத்தது. குட்டையாக எறிவது மட்டுமே மந்திரம் என்றால், அதற்கு முந்தைய ஆண்டு சூப்பர் பவுலில் அதே சீஹாக்ஸிடம் டென்வர் 43-8 என்று உதை வாங்கியிருக்காது. அந்த சீசனில் 606 புள்ளி எடுத்த அணி அது. டென்வரின் டிமேரியஸ் தாமஸ் அன்று 13 பந்து பிடித்து அப்போதைய சூப்பர் பவுல் சாதனையே படைத்தார். என்ன பயன்? பிடித்த இடத்திலேயே விழுத்தாட்டினார்கள், 118 யார்டோடு சரி.

இரண்டாவது கூட்டம் 1985 சிகாகோ பேர்ஸ். அந்த ஆண்டு அவர்கள் தோற்றது ஒரே ஒரு ஆட்டம், டிசம்பர் 2 திங்கள் இரவு மயாமியில், 38-24. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் டல்லஸை 44-0, அட்லாண்டாவை 36-0 என்று துடைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய டிஃபென்ஸ் பயிற்சியாளர் பட்டி ரயனின் '46' டிஃபென்ஸ் எட்டுப் பேரை முன்வரிசைக்கு அருகே குவித்து, குவாட்டர்பேக்குக்கு யோசிக்க நேரமே கொடுக்காது. மயாமி பயிற்சியாளர் டான் ஷூலா மூன்று ரிசீவர்களை (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) நிறுத்தி, மூன்றாமவரான நேட் மோரை லைன்பேக்கர் வில்பர் மார்ஷல் துரத்தும்படி செய்தார். குவாட்டர்பேக் மரினோவைப் பக்கவாட்டில் நகர்த்தி எறிய வைத்தார். இடைவேளையில் மயாமி 31-10 என்று முன்னணி. கூடுதல் கார்னரை இறக்கச் சொன்ன சிகாகோ தலைமைப் பயிற்சியாளர் டிட்காவுக்கும் ரயனுக்கும் அங்கே கைகலப்பு வராத குறைதான். அதிர்ஷ்டமும் உதவியது. ஒரு பந்து சிகாகோவின் டான் ஹாம்ப்டனின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்து மயாமியின் கிளேட்டன் கைக்குப் போய் டச்டவுன் ஆனது. அதை டம்ளரில் செய்துகாட்ட ஒருவர் முயன்றதில்தான் ஹாலின் கண்ணாடிக் கிண்ணம் உடைந்தது. கணக்கில் 12 டாலர்.

டிரா, ஸ்க்ரீன், ட்ராப் என்ற மூன்று ஆஃபென்ஸ் உத்திகளையும் அன்றே பேசினோம். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வேகமாகப் பாய்ந்து வருபவனைத் தடுக்காதே, வரவிடு. ட்ராப்பில் அவன் உள்ளே வந்ததும் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து தள்ளுவார். ஸ்க்ரீனில் அவன் தலைக்கு மேல் பந்து போய்விடும். டிராவில் எறிவதுபோல் காட்டி ஓடுபவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஜல்லிக்கட்டு பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கூட்டம் 57ஆவது சூப்பர் பவுல், 2023 பிப்ரவரி 12. மைதானம் அதே கிளெண்டேல். பிலடெல்பியா ஈகிள்ஸ் அந்த சீசனில் 70 முறை குவாட்டர்பேக்குகளைச் சாய்த்த அணி. அன்று எதிரணி கான்சஸ் சிட்டியின் குவாட்டர்பேக் மஹோம்ஸை ஒரு முறைகூடச் சாய்க்கவில்லை. இடைவேளையில் 24-14 என்று முன்னணியில் இருந்தும் 38-35 என்று தோற்றார்கள். புல் வழுக்கியதால் ஓடி வந்தவர்கள் தடுமாறினார்கள் என்பது ஒரு காரணம். என்னைக் கவர்ந்தது வேறு. ரிசீவர் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் நடுவை நோக்கி நகர்வார்; காவலர் கூடவே நகர்வார், அல்லது அடுத்தவரிடம் ஒப்படைப்பார். அந்த நொடியில் ரிசீவர் வந்த வழியே வெளியே திரும்பிவிடுவார். நாலாவது குவார்ட்டரில் கடேரியஸ் டோனி ஒரு பக்கம், ஸ்கை மோர் மறுபக்கம், இரண்டு டச்டவுன், இரண்டு பேர் அருகிலும் ஆளே இல்லை. டிஃபென்ஸ் நன்றாகப் பழகிய பழக்கமே அதற்கு எதிராகத் திரும்பியது.

இதை உடனே பயன்படுத்திக்கொண்டவர்கள் நம் பிள்ளைகள். 12 வயதுக்கு உட்பட்டோர் ஃப்ளாக் ஃபுட்பாலில் (இடித்து வீழ்த்தாமல் இடுப்புத் துணியை உருவும் ஆட்டம்), மூன்று ஆட்டமாக ஒரு புள்ளிகூட விடாத அணியைச் சந்தித்தோம். இதே நகர்வில் இரண்டு டச்டவுன் அடித்தார்கள். ஆட்டம் 18-12 என்று தோல்விதான். நம் டிஃபென்ஸைப் பற்றி இந்த ஆண்டு யாரும் கூட்டம் போடவில்லை.

சரி, கணக்கு. சந்தா 34 குடும்பம், 30 டாலர் வீதம் 1,020. ஹால் வாடகை 520, சாப்பாடு, காபி 344, கிண்ணம் 12. மீதி 144 டாலர் பொருளாளரிடம் உள்ளது. புரொஜெக்டரை வாடகைக்கு விட்ட கடை, படம் தெரியாத ஞாயிறுக்கும் முழுத் தொகை கேட்கிறது. அது இன்னும் கொடுக்கப்படவில்லை, கொடுப்பதாகவும் இல்லை.

அப்புறம், டம்ளர்களில் மூன்று திரும்பி வரவில்லை. இரண்டு போனால் பரவாயில்லை, ஆனால் 29 எண் ஒட்டியது யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவரவும். நடுவில் நிறுத்த ஆள் இல்லை.

செயலாளர்