தோட்டக்காணியில் மாமரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்றது பெரிய சந்தோஷம். இங்கு எல்லோரும் சுகம். காலபோக நெல் வெட்டியாகிவிட்டது, உழுந்தும் பிடுங்கியாயிற்று.

எங்கள் சனம் தோட்டக்காணியில் ஏன் பழமரம் வைப்பதில்லை என்று கேட்டிருந்தாய். விருப்பமில்லை என்று நினைக்காதே. வளவுக்குள் மாவும் பலாவும் தேசியும் இல்லாத வீடு இங்கே குறைவு. தோட்டத்துக்குள் வைக்கத்தான் தயக்கம். உழுந்து மூன்று மாதத்தில் காசாகும், அந்தக் காசில்தான் கடைக்கடனும் உழவுக்கூலியும் அடைபடுகிறது. ஒட்டு மாங்கன்றே காய்க்க மூன்று நான்கு வருடம் எடுக்கும். அதோடு, 2008, 2009 போரில் காய்த்து நின்ற மரங்களை விட்டுவிட்டு நடந்த சனம் இது. திரும்பி வந்தபோது பல வளவுகளில் மரமுமில்லை, கிணறும் தூர்ந்து கிடந்தது. இன்னும் காணி உரிமைக்கான பெர்மிட் கைக்கு வராத காணியில் மரம் நடு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

கன்று இலவசமாகக் கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மாரி போனபின் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் மண் வறண்டு வெடிக்கும். அறுவடை முடிந்ததும் கட்டாக்காலி மாடுகள் வேறு. வேலியும் தண்ணீரும் இல்லாமல் கன்றை மட்டும் கொடுத்து என்ன பயன்? இதில் எனக்குக் கோபமே வருகிறது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா செய்திருப்பதை நீ பார்க்க வேண்டும். முப்பது அடிக்கு ஒரு மாங்கன்று, இடையில் ஒரு போகம் உழுந்து, அடுத்தது கச்சான், அதுதான் நிலக்கடலை. ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் அடியில் துளையிட்ட மண்பானை புதைத்து, துளைக்குள் துணித்திரி செருகியிருக்கிறா. பானையை நிரப்பிவிட்டால் தண்ணீர் மெல்லமெல்லக் கசிந்து வேருக்குப் போகும். வெயிலுக்குப் பனையோலை மறைப்பு. மரம் கிளைவிட்டு நிழல் கட்டும்வரை இடைப்பயிரின் வருமானம் குறையாது, உழுந்தும் கச்சானும் மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். அவவின் காணியைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் பக்கத்துக் காணிக்காரரும் கன்று தேடுகிறார்கள்.

நானும் ஐப்பசி மழையோடு எல்லைப் பக்கமாக ஒரு வரிசை வைக்கப் போகிறேன். யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்று என்ன விலை போகிறது என்று விசாரித்து எழுது. நல்ல கன்றாகப் பார், மச்சான்.

அன்புடன்,
உன் நண்பன்