சாரதியின் பதிவு சாரதியின் கைக்கு வர வேண்டும்: மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்காக ஒரே ஒரு விடயத்தைக் கேட்டு எழுதுகிறேன். ஒரு சாரதியைப் பற்றி அரசாங்கத்திடம் என்னென்ன பதிவு இருக்கிறதோ, அதை அவர் தன் மாவட்ட அலுவலகத்திலேயே தமிழில் கேட்டு, கையொப்பமும் முத்திரையும் வைத்த தாளாக வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள். எந்த வகுப்பு வாகனத்துக்கு எந்தத் திகதியில் அனுமதி கிடைத்தது, அது இப்போது செல்லுபடியாகிறதா, எப்போதாவது இடைநிறுத்தப்பட்டதா, என்ன குற்றத்துக்குத் தண்டம் கட்டினார், அவ்வளவுதான். இது ஒரு பக்கத்தில் அடங்கும்.

நான் களுவாஞ்சிகுடியில் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி எடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, ஒன்லைனில் விண்ணப்பம் போடுவது, கடிதம் அடித்துக் கொடுப்பது என்று நாள் போகும். லைசன்ஸ் அலுவலாக அலைகிறவர்களைக் கிட்ட இருந்து பார்க்கிறேன். புதிதாக லைசன்ஸ் எடுக்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மெடிக்கலில் தொடங்கி எழுத்துப் பரீட்சை, ட்ரயல் வரைக்கும் பயிற்சிப் பாடசாலைக்காரர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். லைசன்ஸ் எடுத்துப் பல வருடம் ஓடியவர் தன் அனுபவத்தைக் காட்ட வேண்டி வரும்போதுதான் வழி தெரியாமல் நிற்கிறார்.

படுவான்கரையிலிருந்து ஒரு வயதானவர் வந்தார். இள வயதிலிருந்தே லொறி ஓட்டியவர். "மனே, நான் இத்தன வருசமா ஓடுறன் எண்டு ஒரு கடதாசி வேணும், அத எங்க எடுக்கிற?" என்று கேட்டார். கட்டாரில் ஒரு கம்பனியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், கனரக வாகனம் ஓட்டிய அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள், மகனுக்கும் அதே கடிதம் தேவைப்படுகிறது என்றார். அவருடைய கேள்வி மிகச் சாதாரணமானது. கையில் லைசன்ஸ் இருக்கிறது. அதில் எந்தெந்த வகுப்பு என்று இருக்கிறது. ஆனால் இத்தனை காலம் அவர் எப்படி ஓட்டினார் என்பதை அந்தக் கார்ட் சொல்லாது. ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டிய மனிதரும், நீதிமன்றம் ஏறி இறங்கிய மனிதரும் ஒரே மாதிரிக் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். நல்ல சாரதிக்கு இது பெரிய அநியாயம்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தாளின் பெறுமதி நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்களில் கனடாவில் உறவு இல்லாத வீடு குறைவு. ஒன்ராறியோ மாகாணத்தில், வேறு நாட்டில் ஓட்டிய அனுபவத்தை முழுமையாகக் கணக்கில் எடுக்க, லைசன்ஸ் கொடுத்த அதிகாரசபையோ தூதரகமோ உறுதிப்படுத்திய கடிதம் கேட்கிறார்கள். 2 வருடத்துக்கு மேல் அனுபவம் உண்டென்று அப்படிக் காட்டினால் நேரே முழு லைசன்ஸுக்கான வீதிச் சோதனைக்குப் போகலாம். கடிதம் இல்லையென்றால், இங்கே எத்தனை வருடம் பஸ் ஓட்டியிருந்தாலும் அந்த அனுபவத்தில் பெரும் பகுதி அங்கே கணக்கில் வராது. இப்படி ஒரு கடிதத்துக்காக இங்குள்ளவர்கள் முதலில் நினைப்பது கொழும்பு ரெயிலைத்தான். போக வேண்டிய திணைக்கள அலுவலகம் நாரஹேன்பிட்டியா, வேரஹெரவா என்று விசாரித்துக்கொண்டு, தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு கிளம்புகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். நாள் கூலிக்கு ஓடுகிற ஒருவருக்குப் போக்குவரத்துச் செலவைவிட, அந்த நாட்களில் இழக்கும் கூலிதான் பெரிய அடி. இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். வழி தெளிவாக இருந்தால் தரகருக்கு அங்கே வேலையே இராது.

இனி உள்ளூர் விடயத்துக்கு வருகிறேன். ஒரு சாரதியின் பதிவு இன்று மூன்று இடத்தில் கிடக்கிறது. லைசன்ஸ் விபரம் உங்கள் திணைக்களத்தில். வீதியில் எழுதும் தண்டம் பொலிஸிடம். வழக்காகப் போனவை நீதவான் நீதிமன்றத்தில். பொலிஸார் லைசன்ஸை வாங்கிக்கொண்டு துண்டு எழுதித் தந்தால், 14 நாளுக்குள் தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸைத் திருப்பி எடுக்கிறோம். தவறினால் 28 நாள் வரைக்கும் இரட்டிப்புத் தண்டம், அதற்கும் மேலே போனால் நீதிமன்றம். கல்முனை லொறிச் சாரதி தம்புள்ளையில் பிடிபட்டால் திரும்பவும் தம்புள்ளைக்கே போக வேண்டிய நிலைதான் நெடுங்காலம் இருந்தது. 2025 இல் அரசாங்கத்தின் ஒன்லைன் கட்டணச் சேவையான கவ்பே வழியாகப் போனிலேயே தண்டம் கட்டும் முறை தொடங்கியது உண்மையிலேயே நல்ல மாற்றம். அதைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பணம் கட்டிய பிறகு அந்தக் குற்றம் தன் பெயரில் எப்படிப் பதிவானது என்று சாரதி பார்க்க முடிகிறதா? பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருந்தால் உண்டு. மழையில் நனைந்து போனால் அதுவும் இல்லை.

குற்றப் புள்ளி முறை வரப்போகிறது என்று பல வருடங்களாகச் சொல்லப்படுகிறது. குற்றத்துக்குக் குற்றம் புள்ளி சேர்ந்து, ஒரு எல்லையைத் தாண்டினால் லைசன்ஸ் இடைநிறுத்தப்படும் என்பது அதன் அடிப்படை. நான் அதற்கு எதிரி அல்ல. எங்கள் பக்கத்துப் பிரதான வீதியில் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடுகிற வேகத்தைப் பார்க்கிற எவரும் எதிர்க்கமாட்டார்கள். ஆனால் புள்ளி சேர்வதை அந்தச் சாரதி பார்க்க முடியாத நிலையில் இந்த முறையைத் தொடங்கக் கூடாது. தவறாக ஏறிய ஒரு பதிவைத் திருத்தச் சொல்லிக் கேட்கவும் வழி வேண்டும். தன் கணக்கில் என்ன இருக்கிறதென்றே தெரியாத ஆளிடம் ஒரு நாள் வந்து "உன் லைசன்ஸ் இனிச் செல்லாது" என்று சொன்னால், அவர் அடுத்த நாள் எதை ஓட்டிக் குடும்பத்தைப் பார்ப்பார்?

தவறு ஏறும் என்று நான் வீணாகப் பயப்படவில்லை. படிவம் நிரப்புகிறபோது தினமும் காண்கிற காரியம் இது. எங்கள் பெயர்கள் நீளமானவை. தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். அதை ஆங்கிலத்தில் எழுதுகிறபோது அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டு, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, லைசன்ஸில் மூன்றாவது. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்பீர்கள். சரி. ஆனால் 9 இலக்கத்தோடு ஒரு எழுத்து இருந்த பழைய அட்டை, 2016 இலிருந்து 12 இலக்கமாக மாறிவிட்டது. பழைய இலக்கத்தில் லைசன்ஸும் புதிய இலக்கத்தில் அட்டையும் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கணினியில் சேர்ந்திருக்கிறதா என்பதை, தன் பதிவைக் கண்ணால் பார்த்தால்தானே அவர் உறுதி செய்யலாம்?

பதிவே தொலைந்து போனவர்களும் இங்கே இருக்கிறார்கள். இதை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில், நாவலடி, கல்லாறு என்று கரையோரம் முழுக்க வீட்டோடு பத்திரங்களும் போயின. அதற்கு முன்னும் பின்னும் யுத்தத்தில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அப்போது தொலைந்தது பழைய புத்தக லைசன்ஸ். இலக்கம் நினைவில் இல்லை, பிரதியும் இல்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டு, புதிதாக எல்லாப் பரீட்சையும் எழுதி லைசன்ஸ் எடுத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பழைய வருடங்கள் எங்கேயும் இல்லை. பழைய பேரேடுகளில் அவர்களுடைய பெயர் இருக்கக்கூடும். ஒருமுறை முறையாகத் தேடி, கண்டுபிடித்தவற்றைக் கணினிப் பதிவில் சேர்த்துக் கொடுத்தால், உயிரைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

இது முடியாத வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். அது மாகாணத்தின் வேலை என்பது தெரியும், ஆனாலும் சொல்கிறேன். வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும் இருக்கிறவர்கள் தங்கள் பிரதேச செயலகத்திலேயே அதைப் புதுப்பிக்கிறார்கள், ஒன்லைனிலும் எடுக்கிறார்கள். வாகனத்துக்கு வந்த வசதி அதை ஓட்டுகிறவருக்கு ஏன் வரக் கூடாது? அதேபோல 2025 இல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கரும பீடம் திறந்தீர்கள். அறுகம்பேக்கு அலைச் சறுக்க வருகிறவர்களுக்கு அது வசதி, அவர்களால் பொத்துவில்காரர் பிழைக்கிறார்கள், அதில் எங்களுக்கு மகிழ்ச்சி. அந்தப் பொத்துவிலில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அம்பாறை நகரமே ஏறக்குறைய 70 கிலோமீற்றர். அவருக்கும் ஒரு கரும பீடம் திறக்க மனம் வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை போன்ற இடங்களில் பிரதேச செயலகத்தில் மாதத்தில் சில நாட்களாவது உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தால் போதும்.

மற்ற நாடுகளில் எப்படி நடக்கிறது என்றும் கொஞ்சம் பார்த்தேன். பிரித்தானியாவில் ஒரு சாரதி லைசன்ஸ் இலக்கமும் தேசிய காப்புறுதி இலக்கமும் தபால் குறியீடும் கொடுத்துத் தன் பதிவை இணையத்தில் இலவசமாகப் பார்க்கிறார். வேலை தருகிறவருக்குக் காட்ட வேண்டுமென்றால் 21 நாள் செல்லுபடியாகும் ஒரு குறியீட்டை அவரே எடுத்துக் கொடுக்கிறார். அமெரிக்காவில் எந்த மாநிலம் லைசன்ஸ் கொடுத்ததோ அந்த மாநிலத்திடம்தான் பதிவைக் கேட்க வேண்டும். கட்டணமும் எத்தனை வருடப் பதிவு என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் தன் பதிவைத் தானே கேட்கும் சாரதிக்குக் கொடுக்கிறார்கள்.

அதே அமெரிக்காவிலிருந்து ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1989 இல் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையின் வீட்டு முகவரி, ஒரு தனியார் துப்பறிவாளர் வழியாகக் கலிஃபோர்னியா மாநில வாகனத் திணைக்களப் பதிவிலிருந்து வெளியே போனது. அதை வாங்கியவன் வீட்டு வாசலில் வைத்து அந்தப் பெண்ணைச் சுட்டுக் கொன்றான். 1994 இல் சாரதிகளின் தனிப்பட்ட விபரத்தைப் பாதுகாக்க அந்த நாட்டில் சட்டம் இயற்றியதற்கு இந்தக் கொலையும் ஒரு காரணம். ஆகவே நான் கேட்பது எல்லோருடைய பதிவையும் எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லி அல்ல. சாரதி கேட்டால் சாரதிக்கு. அவர் எழுத்தில் சம்மதித்தால் வேலை தருகிறவருக்கு. முகவரி அந்தத் தாளில் வேண்டியதே இல்லை. எங்கள் பிரதேசத்தில் ஒருவருடைய முகவரி தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் அனுபவித்து அறிந்தவர்கள்.

சட்டத்தில் இதற்கு இடமும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். நான் சிலருக்கு அப்படி எழுதிக் கொடுக்கவும் தயார். ஆனால் ஒரு சாரதி தன்னைப் பற்றியே தெரிந்துகொள்ள அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரும் நிலை இருக்கக் கூடாது. அது சாதாரண சேவையாக, கட்டணம் எழுதி ஒட்டிய ஒரு கரும பீடத்தில் நடக்க வேண்டும். 2022 இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவர் தன் தரவைப் பார்க்கும் உரிமையை ஏற்கிறது. மொழி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பே 1988 இன் 16 ஆவது திருத்தத்தில் சொல்கிறது. படிவமும் பதில் கடிதமும் தமிழில் வர வேண்டும். வெளிநாட்டுக்குக் கொடுக்கும் பிரதி ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சாரதி தன் மொழியில் வாசித்துப் பார்த்துக் கையொப்பம் வைக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள் உழவு இயந்திரக்காரர்களுக்காக. மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, வெல்லாவெளிப் பக்கம் வயல் வேலைக்கு லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரம் ஓட்டுகிற பலர் தங்கள் லைசன்ஸில் அதற்குரிய ஜி1 வகுப்பு இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு எடுத்த லைசன்ஸ் எல்லாவற்றுக்கும் போதும் என்று நம்பி, நெல் மூட்டையோடு பிரதான வீதிக்கு ஏறுகிறார்கள். விபத்து நடந்த பிறகுதான் காப்புறுதிக்காரர் அதை எடுத்துச் சொல்கிறார். பதிவைத் தமிழில் பார்க்கிற வசதி வந்தால், கமக்காரர் அமைப்புகளின் கூட்டத்திலேயே இதைச் சரிபார்க்கச் சொல்லலாம். அறுவடை தொடங்கும் முன் இதைச் செய்தால் ஒரு குடும்பமாவது தப்பும்.

இந்த மடலுக்குப் பதில் தருவதென்றால் மூன்று கேள்விக்குத் தாருங்கள். சாரதி தன் பதிவின் சான்றுப் பிரதியை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட அலுவலகங்களில் எந்தத் திகதியிலிருந்து வாங்கலாம்? அதற்குக் கட்டணம் எவ்வளவு? பிழை இருந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் திருத்தம் கேட்க வேண்டும்? பதில் வந்த அன்றே பெரிய எழுத்தில் அச்சடித்து என் கடைச் சுவரில் ஒட்டுவேன். பயிற்சிப் பாடசாலைகளுக்கும் ஆட்டோச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல், கோயில் அறிவித்தல் பலகைகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி