வெளிநாட்டுப் படிப்புக்கு டொலர் விலை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும் திருகோணமலைப் பெற்றோரில் பலர், தங்கள் பத்திரிகையில் நாள்தோறும் வரும் அமெரிக்க டொலரின் கொள்வனவு, விற்பனை விலைகளைப் பார்த்தே கணக்குப் போடுகிறார்கள். பிள்ளைகள் போவதோ பெரும்பாலும் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும்; கட்டணம் கேட்கப்படுவது அந்தந்த நாட்டு நாணயத்தில். டொலர் அசையாவிட்டால் மற்றவையும் அசையவில்லை என்று எண்ணிவிடுகிறோம். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவின் மீதான பிடியைத் தளர்த்தியபின், 203 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன்பின் டொலர் அந்த 360ஐ ஒட்டியே மாதக்கணக்கில் நின்றபோது, செப்டெம்பர் இறுதியில் பிரித்தானியப் பவுண் டொலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது பலருக்குத் தெரியாமலே போயிற்று. பவுணில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த குடும்பத்துக்கு அது ரூபாவிலும் கணிசமான இறக்கமே.

விலைப்பட்டியலில் எந்த நிரலைப் பார்ப்பது என்பதிலும் தெளிவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதி வைத்திருக்கும் விலை, அவர்களிடமிருந்து நாணயத்தாள்களை வாங்கும் விலை. பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்பும் நமக்கு வங்கி தருவது, தந்திமூலப் பணமாற்றத்துக்கான, அதாவது வங்கிக்கு வங்கி பணம் அனுப்புவதற்கான விற்பனை விலை. இவ்விரண்டுக்கும் இடையில் பவுணுக்கு 10 ரூபா வித்தியாசம் இருந்தால்கூட, 5,000 பவுண் தவணைக் கட்டணத்தில் 50,000 ரூபா துண்டு விழும். நகையை அடகு வைத்தும் தம்பலகாமத்து வயலை ஈடு வைத்தும் பணம் புரட்டும் குடும்பங்களுக்கு இது சிறு தொகையல்ல.

வங்கியில் நிரப்பும் பணமாற்றப் படிவத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். கட்டணங்களை அனுப்புபவரே முழுதாக ஏற்பதா, இரு தரப்பும் பகிர்வதா, பெறுபவர் ஏற்பதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். பெரும்பாலான பெற்றோர் அதை வாசிப்பதில்லை. அவசரத்தில் இருக்கும் உத்தியோகத்தரே படிவத்திலுள்ள கட்டமொன்றில் அடையாளமிட்டுவிடுவதும் உண்டு. பகிர்வது என்று குறித்தால், இடையிலுள்ள வெளிநாட்டு வங்கி தன் பங்கைக் கழித்துக்கொண்டே மிகுதியை அனுப்பும். எங்கள் உவர்மலையைச் சேர்ந்த மாணவி ஒருவருக்கு இவ்வாறு இருபது பவுணளவில் குறைந்து போய்ச் சேர்ந்ததால், கட்டணம் முழுமையடையவில்லை என்று அவருடைய பதிவே நிறுத்தி வைக்கப்பட்டது. போதாததற்கு, குறிப்பு எழுதும் இடத்தில் மாணவர் இலக்கத்துக்குப் பதிலாகத் தகப்பனாரின் பெயர் இருந்தபடியால், வந்த பணம் யாருடையது என்று பல்கலைக்கழகம் கண்டறியவே நாட்கள் பிடித்தன.

விசாவுக்குக் காட்டும் வங்கி மீதியிலும் நாணய மாற்று ஒளிந்திருக்கிறது. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு உரிய தொகை தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவர். அந்தப் பணம் ரூபாவில் இருந்தால், விண்ணப்பிக்கும் நாளின் மாற்று வீதத்தில் பவுணாக்கியே அது பார்க்கப்படும் என்பதைச் சிலரே அறிவர். சரியாக மட்டுமட்டாக வைத்திருக்கும் தொகை, இடையில் ரூபா சற்று இறங்கினாலும் போதாமற்போகும். இந்த விடயத்தில் ஜேர்மனியின் முறையை நான் மெச்சுகிறேன். ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் இட்டு, மாதம் 992 யூரோ வீதம் எடுக்கும் அந்த ஏற்பாடு பெற்றோருக்குத் தொடக்கத்தில் பெரும் பாரம்தான். ஆனால் அந்த ஆண்டுக்கான மாற்று வீதம் அன்றே முடிவாகிவிடுவதால், பின்னர் ரூபா விழுந்தாலும் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவு அசையாது.

வங்கியூடாக அன்றி ஆட்கள் மூலம் பணம் மாற்றும் உண்டியல் முறை பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. லண்டனிலுள்ள மாமா பிள்ளையின் கையில் பவுணைக் கொடுக்க, இங்கே அவருடைய வீட்டு வேலைக்குத் தகப்பனார் ரூபாவில் செலவழிப்பது நம்மவரிடையே உறவுக் கணக்காகவே கருதப்படுகிறது. அதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆயினும் முகமறியாத இடைத்தரகரிடம் ரூபாவைக் கொடுத்து, யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து பிள்ளையின் கணக்குக்குப் பணம் வரவழைப்பது வேறு விடயம். அந்தப் பணத்தின் மூலத்தைப் பிள்ளையால் நிரூபிக்க முடியாது. மோசடிப் பணமாக இருந்தால் முடக்கப்படுவது பிள்ளையின் கணக்கே. வங்கி விலையைவிடச் சில ரூபா மலிவு என்பதற்காக இதற்குப் பிள்ளையைப் பணயம் வைக்கலாகாது. பகுதிநேர வேலையில் எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்னும் வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் பேச்சையும் நம்பிவிடலாகாது: அவுஸ்திரேலியாவில் கல்விக் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலமே வேலை செய்யலாம், அது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் உதவும், கட்டணத்துக்கு எட்டாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாளாவது பவுண், யூரோ, அவுஸ்திரேலிய, கனேடிய டொலர்கள் ஆகியவற்றின் தந்திமூல விற்பனை விலையை, இரண்டு மூன்று வங்கிகளை ஒப்பிட்டுத் தாங்கள் வெளியிட வேண்டும். எங்கள் நகரிலுள்ள வங்கிக் கிளைகளும், மாற்று வீதம், தமது கட்டணம், வெளிநாட்டு வங்கி கழிக்கக்கூடிய தொகை ஆகிய மூன்றையும் படிவத்தில் கையொப்பம் வாங்குமுன் தமிழில் எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும். செப்டெம்பர் அனுமதிக்கான கட்டணங்களை ஆடி, ஆவணியில் கட்டத் தொடங்குவார்கள். அதற்கு முன் இது நடந்தால் பயனுண்டு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வர்த்தகப் பாட ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.