கண்ணை மூடிக்கொண்டு தட்டிய இரண்டு சொல்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். கண்ணாடி இல்லாமலே என் நரைமுடியை எண்ணிச் சொல்கிறார், அதுதான் ஒரே தொந்தரவு.

கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் வரிகள் படிக்கட்டு மாதிரி சரிந்துகொண்டே போனதாகவும், ஒன்றும் புரியாமல் ஜன்னலையே மூடிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. போன மாதம் நானும் மாட்டிக்கொண்டேன்.

நானே எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட், கோப்புகளை நகலெடுத்து வைக்கும் கட்டளைத் தொகுப்பு. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில், அடிப்பது திரையில் தெரியாமலிருக்க டெர்மினலின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையை மைனஸ் எக்கோ என்று போட்டிருந்தேன். பாதி அடித்தபோதுதான் தவறான கணினியில் இருக்கிறேன் என்று உறைத்தது. சட்டென்று கண்ட்ரோல் சி அடித்து ஸ்கிரிப்டை நிறுத்தினேன். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் வந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தேன், ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எண்டர் தட்டியதும் கோப்புப் பட்டியல் மட்டும் ஒழுங்காக வந்து நிற்கிறது! வெறும் எண்டர் தட்டினால் ப்ராம்ப்டுகள் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு ஊர்கின்றன. கீபோர்டு போய்விட்டதோ என்று கேபிளைக்கூடப் பிடுங்கி மாட்டினேன் என்றால் பார்த்துக்கொள்.

எக்கோவை அணைத்தது ஸ்கிரிப்ட்தான், ஆனால் அந்த அமைப்பு ஸ்கிரிப்டுக்குச் சொந்தமில்லை. அது இயங்குதளத்தின் மையமான கர்னலில், அந்த டெர்மினலின் பெயரில் இருக்கிறது. ப்ராசஸ், அதாவது ஓடிய நிரல், செத்தாலும் அது அப்படியே இருக்கும். விளக்கை அணைத்தவன் வீட்டைவிட்டுப் போனால் விளக்கு தானாக எரியுமா என்ன?

உன் படிக்கட்டும் இதே வகைதான். ஒற்றை விசையைப் படிக்க, கர்னல் எதையும் மாற்றாமல் அப்படியே கடத்தும் ரா நிலைக்குப் போன ஏதோ ஒரு நிரல் திரும்பி வராமல் போயிருக்கும். எஸ்டிடிஒய்யில் உள்ள டிடிஒய் என்ற பெயரே, தூரத்திலிருந்து வருவதை அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரக் காலத்து மிச்சம். 1963-இல் வந்த மாடல் 33 போன்ற இயந்திரங்களில் அச்சுமுனை இடது ஓரத்துக்குத் திரும்புவது ஒரு கட்டளை, தாள் ஒரு வரி மேலே நகர்வது வேறொரு கட்டளை. இன்றைக்கும் வரி முடியும்போது முதல் கட்டளையைச் சேர்த்து அனுப்புவது கர்னல்தான். ரா நிலையில் அது சேர்க்காது. அதனால் விட்ட இடத்துக்கு நேர் கீழேயே அடுத்த வரி தொடங்குகிறது.

அடுத்த தடவை ஜன்னலை மூடாதே. எழுத்து தெரியாவிட்டாலும் நீ அடிப்பது போய்ச் சேர்கிறது. முதலில் வரி முடிவை நேரடியாக அனுப்பும் கண்ட்ரோல் ஜே, பிறகு டெர்மினலை இயல்புக்குக் கொண்டுவரும் எஸ்டிடிஒய் சேன், மறுபடி கண்ட்ரோல் ஜே. எண்டர் ஏன் வேண்டாம் என்றால், இந்த நிலையில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்கள் சிலவற்றில் அது வரி முடிவாகப் போகாது, தொப்பிக்குறியும் எம்மும் திரையில் வந்து நிற்கும். திரை முழுக்கக் கட்டமும் கோடுமாக ஆகியிருந்தால் சேன் போதாது, ரீசெட் கட்டளை கொடு. (கண்ட்ரோல் எஸ் தெரியாமல் பட்டு உறைந்துபோன திரை வேறு கதை. அதற்குக் கண்ட்ரோல் க்யூ.)

வெட்கம் என்னவென்றால், என் ஸ்கிரிப்டில், குறுக்கீடு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ட்ராப் இருந்தது. கண்ட்ரோல் சி வந்தால் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு வெளியேறு என்று அக்கறையாக எழுதியிருந்தேன், டெர்மினலை மட்டும் மறந்துவிட்டேன். இப்போது மாற்றிவிட்டேன். முதலில், இப்போதைய அமைப்பைக் காட்டும் எஸ்டிடிஒய் மைனஸ் ஜி. முக்காற்புள்ளிகள் போட்ட ஒரு நீள வரி வரும், அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறேன். அடுத்து, அந்த வரியை எஸ்டிடிஒய்யிடமே திருப்பிக் கொடுக்கும் ட்ராப். அதற்கப்புறம்தான் எக்கோவில் கை வைக்கிறேன். ட்ராபை எக்ஸிட் (ஸ்கிரிப்ட் முடிவது), இன்ட் (கண்ட்ரோல் சி), டெர்ம் (நிறுத்தச் சொல்லும் கோரிக்கை) மூன்றுக்கும் வை. எக்ஸிட் மட்டும் வைத்தால், இன்ட், டெர்ம் போன்ற சிக்னலில் சாகும்போது அதை ஓட்டாத ஷெல்களும் உண்டு. இன்ட்டுக்கான ட்ராபின் கடைசியில் எக்ஸிட் கட்டளையும் வேண்டும், இல்லாவிட்டால் கண்ட்ரோல் சி அடித்த பிறகும் ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். உடனடியாகக் கொல்லும் கில் மைனஸ் 9 போட்டால் எந்த ட்ராபும் ஓடாது, அப்போது டெர்மினல் கெட்டிருந்தால் கையால் சேன் அடிக்க வேண்டியதுதான்.

நீ பேஷ் என்ற ஷெல் மட்டும்தான் பயன்படுத்துகிறாய் என்றால் பாஸ்வேர்டுக்கு, அடிப்பதைக் காட்டாமல் வாங்கும் ரீட் மைனஸ் எஸ் போதும், இத்தனை வம்பே வேண்டாம்.

அந்தப் படிக்கட்டு ஸ்கிரிப்டை அனுப்பு, எங்கே ரா நிலைக்குப் போகிறது என்று பார்க்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்திலும் நீ சொல்லவில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்